பதிவேட்டில் இல்லாத வாசகர்கள்: எங்கள் நூலக நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுத் தலைவர் ஐயா, செயலாளர் அம்மா, மற்றப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும்,

கோலாலம்பூரில் உள்ள நம் நூலகத்தின் கண்ணாடிக் கதவில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பற்றித்தான் இந்த மடல். வருகை குறைவாக இருப்பதால் சனிக்கிழமைக் கதை நேரம், புதன்கிழமைப் பத்திரிகை வாசிப்பு, வெள்ளி இரவு வாசகர் வட்டம் மூன்றும் அடுத்த மாதத்தோடு நிற்கின்றன. அந்த அறை வாடகைக்கு ஒரு டியூஷன் நிலையத்துக்குப் போகிறது. அதற்கு ஈடாக ஆண்டுக்கு ஒரு முறை மண்டபம் எடுத்து ‘அனைத்து வயதினருக்குமான வாசிப்புத் திருவிழா’ நடத்தப் போகிறீர்கள். சந்தா கட்டுகிற உறுப்பினர்களிடமும் கேட்கவில்லை, வாராவாரம் வந்து கதை சொல்கிற தொண்டூழியர்களிடமும் கேட்கவில்லை. எல்லாரும் கதவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

நூலகத்தின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் காரணம் கேட்டேன். “முடிவெடுத்தாகிவிட்டது சகோதரி” என்று ஒரு வரி வந்தது. அன்று மாலையே நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று குழுவை மாற்றிவிட்டீர்கள். சரி, எல்லாரும் படிக்கும்படியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அந்த வருகைக் கணக்கு. முகப்பு மேசையில் இருக்கும் பதிவேட்டை வைத்துத்தானே கணக்குப் போட்டீர்கள்? பெயர், அடையாள அட்டை எண், வந்த நேரம், கையெழுத்து. மூன்று வயதுப் பிள்ளை கையெழுத்துப் போடாது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, தோளில் பையும் கையில் பால் போத்தலுமாகக் கடைவீட்டு மாடிப்படி ஏறி வருகிற அம்மா, பேனாவைத் தேடி அடையாள அட்டை எண்ணை எழுதிக்கொண்டு நிற்பதில்லை. புதன்கிழமை வருகிற பெரியவர்கள் பலருக்கு அந்தக் கட்டங்களே கண்ணுக்குத் தெரியாது. வாசகர் வட்டம் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும். மேசைப் பணியாளர் ஆறு மணிக்கே பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆக, அந்த வட்டத்துக்கு வந்த ஒருவர்கூட உங்கள் கணக்கில் கிடையாது. வராதவர்களை எண்ணவில்லை நீங்கள், வந்தவர்களை எண்ணாமல் விட்டிருக்கிறீர்கள்.

வேறு கணக்கும் நூலகத்தில் இருக்கிறது. இரவல் கொடுக்கும் கணினியைத் திறந்து, சனிக்கிழமைகளில் எத்தனை சிறுவர் நூல்கள் வெளியே போயின, கதை நேரம் இல்லாத சனிக்கிழமைகளில் எத்தனை போயின என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்துவிட்டு முடிவெடுத்திருந்தால் இந்த மடலுக்கு வேலையே இருந்திருக்காது.

கதை நேரத்துக்குச் சில வாரம் கூட்டம் குறைந்தது உண்மைதான். அதற்குக் காரணமும் உங்களிடமே இருக்கிறது. மாலையில் நடந்துகொண்டிருந்ததை இந்த ஆண்டுத் தொடக்கத்தில் காலை ஒன்பது மணிக்குத் தள்ளினீர்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நம் வட்டாரத்துப் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? பரதம், தேவாரம், கராத்தே, பள்ளியின் புறப்பாட நடவடிக்கை. தம்பி தங்கையைக் கூட்டி வர வேண்டிய அம்மா, பெரிய பிள்ளையை ஏற்றி இறக்கிக்கொண்டு ஜாலான் ஈப்போ நெரிசலில் நிற்பார். நேர மாற்றத்தை முகநூலில் மட்டும் போட்டீர்கள். பாட்டிமார் முகநூல் பார்ப்பதில்லை.

அந்த அறையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பொறுப்பாளர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என எனக்குச் சந்தேகம். அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

கதை நேரத்தில் ஒலிபெருக்கி இல்லை, மேடை இல்லை. கதை சொல்கிறவர் தரையில் பாய் விரித்து உட்காருவார். பிள்ளைகள் மடியில் ஏறுவார்கள், பாதியில் எழுந்து ஓடுவார்கள், திரும்பி வருவார்கள். ஒரே புத்தகத்தை நாலு வாரம் தொடர்ந்து படிக்கச் சொல்வார்கள். பெரியவர்களுக்குத்தான் அது சலிப்பு. பிள்ளைக்கு அந்த நாலாவது வாரத்தில்தான் சொற்கள் வாயில் வரும். குரங்கும் முதலையும் கதையில், இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று குரங்கு சொல்வதற்கு முன்னால் கதைசொல்லி நிறுத்திவிட்டுக் கேட்பார்: “நீங்க குரங்கா இருந்தா என்ன செய்வீங்க?” என் அண்ணன் மகள் ஒருநாள் சொன்னாள்: “கிரேப் கார் கூப்பிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்.” அறையே சிரித்தது. ஆங்கிலப் பாலர் பள்ளிக்குப் போகிற பிள்ளை அவள். அப்பா அம்மா இருவருக்கும் வேலை, பார்த்துக்கொள்கிற அக்கா இந்தோனேசியர். தமிழில் யாராவது ஒரு புத்தகத்தைத் திறந்து படிக்க அவள் கேட்கிற ஒரே இடம் அந்தப் பாய்தான். ஏழு வயதில் முதலாம் ஆண்டில் தமிழ் எழுத்தைப் பார்க்கும்போது அது அவளுக்கு அந்நியமாக இருக்கக்கூடாது என்பதற்குத்தான் அண்ணி அவளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறார்.

புதன்கிழமையைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் என் மாமியார் அதற்குப் போகிறவர். தோட்டத்தில் பிறந்தவர். அங்கே ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பதுதான் பத்திரிகை வாசிப்பு. 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசனும் 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசும் எழுத்துத் தெரியாத வீடுகளுக்குள்ளும் அப்படித்தான் போயின. 2019இன் தொடக்கத்தில் தமிழ் நேசன் நின்றபோது வீட்டில் ஒரு சாவு விழுந்ததுபோல அவர் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. கண்புரை அறுவைக்குப் பிறகும் சின்ன எழுத்து அவருக்குப் பிடிபடுவதில்லை. மற்ற நாளிதழ்கள் மேசையில் கிடந்தாலும் அவரால் படிக்க முடியாது. புதன்கிழமை காலை யாராவது வாசிக்க வேண்டும்.

முதலில் மரண அறிவிப்புப் பக்கம். அப்புறம்தான் பிரதமர். அதற்கப்புறம் மீன் விலை, சேமநிதி, கோயில் நிர்வாகச் சண்டை. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு விவாதம். அந்த வாரம் புலனத்தில் சுற்றிய வதந்திகளை அங்கே கொண்டுவந்து கேட்பார்கள், பத்திரிகையில் அது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மக்காவ் மோசடி என்கிற தொலைபேசி ஏமாற்று பற்றிய செய்தியை அப்படி ஒரு புதன்கிழமை வாசித்திருக்கிறார்கள். பிறகு ஒருநாள் மாமியாருக்கு அதே மாதிரி அழைப்பு வந்தது. நீதிமன்றத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, வங்கிக் கணக்கு எண் சொல்லுங்கள் என்று. “நீ எந்த நீதிமன்றம், போன வாரமே உன்னப் பத்தி படிச்சாச்சு” என்று சொல்லி வைத்துவிட்டார். இந்த ஒரு நிகழ்ச்சிக்கு எந்தப் பதிவேட்டில் என்ன மதிப்பெண் போடுவீர்கள்?

அங்கே வாசிக்கிறவர்களில் ஒருவன் படிவம் இரண்டு, அதாவது இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு, படிக்கும் பையன். நூலகத்தின் வைஃபைக்காக வந்தவன். அவனுக்குப் பள்ளி மதியம் என்பதால் காலையில் மூலையில் உட்கார்ந்து கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருப்பான். ஒரு பாட்டி, “தம்பி, இந்தப் பக்கத்தக் கொஞ்சம் படி” என்று நீட்டினார். தடவித் தடவிப் படித்தான். ளகரம் ழகரம் வரும்போதெல்லாம் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் திருத்தினார்கள். நானாக இருந்தால் மறு வாரம் வந்திருக்க மாட்டேன். அவன் வந்தான். இப்போது விளையாட்டுப் பக்கத்தை அவனாகவே எடுத்துப் படிக்கிறான், தாத்தாக்கள் காற்பந்துக் கணக்குக் கேட்கிறார்கள். எல்லா வயதினருக்கும் நிகழ்ச்சி என்று நீங்கள் அறிவிப்பில் எழுதியிருக்கிறீர்களே, அது பணம் செலவில்லாமல் புதன்கிழமைதோறும் நடந்துகொண்டிருக்கிறது.

யுனெஸ்கோவும் அனைத்துலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து 1994இல் வெளியிட்டு 2022இல் புதுப்பித்த பொது நூலக அறிக்கை, வயது, இனம், மொழி எதையும் பார்க்காமல் சேவை எல்லாருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. வழக்கமான சேவையைப் பயன்படுத்த முடியாதவர்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும் என்றும் சொல்கிறது. கண் மங்கிய பெரியவருக்குப் படித்துக் காட்டுவதைவிட எளிய தனி ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

வெள்ளி இரவு வட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லாரி ஓட்டுகிறவர், தாதி, பாதுகாவலர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று வருகிறார்கள். பெரும்பாலும் நம் நாட்டு எழுத்துதான். பினாங்கில் வாழ்ந்து 2016இல் மறைந்த ரெ. கார்த்திகேசுவின் சிறுகதைகளைப் பல மாதம் பேசினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் ஆள் பிடித்துக் கட்டிய சயாம் மரண ரயில் பாதையைப் பற்றிப் பேசிய இரவில், 1942–43இல் அங்கே கொண்டு போகப்பட்டுத் திரும்பாத தன் தாத்தாவைப் பற்றி ஒருவர் முதன்முதலாக வாய் திறந்தார். பக்கத்தில் அவருடைய மகன் இருந்தான். அவனுக்கும் அது புதுச் செய்தி. இதைப் பதிவு செய்து வைக்கலாம், அப்படிப்பட்ட குடும்பங்களைத் தேடி அழைக்கலாம் என்று வட்டத்தினர் உங்களுக்கு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் எழுத்தாளர்கள் கைக்காசு போட்டு நூல் அச்சிடுகிறார்கள். வெளியீட்டு விழாவில் முதல் நூலைப் பெற்றுக்கொள்ளப் பிரமுகர் வருகிறார், உறையில் பணம் வைக்கிறார், படம் எடுத்துக்கொள்கிறார், நூல் காரின் பின் இருக்கையில் கிடக்கிறது. அதைப் படித்துவிட்டு எழுத்தாளரை எதிரில் உட்காரவைத்து, “இந்த முடிவு எனக்கு ஒத்துவரல, ஐயா” என்று சொல்கிற இடம் இந்த நகரத்தில் எத்தனை இருக்கிறது? நம் நூலகத்திலோ 894.811 என்று எண் ஒட்டிய தமிழ் இலக்கிய அலமாரியில் மலேசிய நூல்களைத் தேடிப் பிடிப்பதே பெரிய பாடு. வாசகர் வட்டம் இருந்ததால்தான் அவற்றில் சில வெளிச்சம் பார்த்தன.

இனி உங்கள் திருவிழா.

சென்ற ஆண்டு நடந்ததற்கு நானும் வந்திருந்தேன். மாண்புமிகு வரத் தாமதம். குத்துவிளக்கு, கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை, மாலை, மறுபடி பொன்னாடை. சினிமாப் பாட்டுக்கு ஒரு நடனம். பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டும் போட்டி. புத்தக மேசை கழிவறைக்குப் போகிற வழியில் இருந்தது. பிள்ளைகளுக்குக் கொடுத்த பையில் தண்ணீர் போத்தல், ஆதரவாளரின் விசிறி, மிட்டாய் இருந்தன. ஒரு புத்தகம்கூட இல்லை. கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காமல் வெளியே நின்றார்கள். பெரியவர்கள் சாப்பாட்டு நேரம் வரை காத்திருந்தார்கள். எல்லா வயதினரும் வந்திருந்தார்கள், அதில் சந்தேகமில்லை. வாசித்தவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம் என்பதற்காக மற்ற நாள் குளியலறையை வாடகைக்கு விடுவதில்லை. விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாரந்தோறும் நடப்பதை நிறுத்தி அந்த இடத்தில் விழாவை வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். மூன்று வயதுக்கு ஒரு நேரம், பதினைந்து வயதுக்கு ஒரு மூலை, வேலை முடிந்து வருகிறவருக்கு ஓர் இரவு, எழுபது வயதுக்கு ஒரு காலை என்று அவரவருக்குத் தோதான நேரத்தில் கதவு திறந்திருந்தால்தான் எல்லா வயதினரும் வாசகர்கள். ஒரே மண்டபத்தில் எல்லாரையும் ஒரே நேரம் உட்காரவைத்தால் அது கூட்டம்.

அந்த விழாப் பதாகையில் எஸ். ஆர். ரங்கநாதன் படத்தைப் போட்டிருந்தீர்கள். சீர்காழிக்காரர், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தவர், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதி வகுத்தவர் என்று தலைவரே மேடையில் சொன்னார். அந்த விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. அன்று மாண்புமிகு வரும்வரை எங்கள் நேரம் மிச்சமான விதத்தை இங்கே விரிக்கவில்லை.

கோலாலம்பூரை யுனெஸ்கோ 2020ஆம் ஆண்டுக்கான உலக நூல் தலைநகராக அறிவித்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 23ஆம் தேதி அது தொடங்க வேண்டிய நேரத்தில் நகரமே கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டில் அடைபட்டுக் கிடந்தது. மண்டபம் இல்லை, நாடா வெட்ட ஆள் இல்லை. அப்போதும் நம் கதைசொல்லிகள் வீட்டிலிருந்தே குரல் பதிவாகக் கதை அனுப்பினார்கள், பிள்ளைகள் கைப்பேசியைக் காதில் வைத்துக் கேட்டார்கள். நம்மிடம் இருந்தது படிக்கத் தெரிந்த நாலு பேரும் அவர்கள் தவறாமல் வந்ததும்தான். அவர்களையே இப்போது வேண்டாம் என்கிறீர்கள்.

இன்னும் பழைய கதை ஒன்று. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம்பெற வேண்டும் என்று தமிழ் முரசை நிறுவிய கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளிகளும் சிறு கடைக்காரர்களும் கொடுத்த வெள்ளிகள் அதில் சேர்ந்தன. பல்கலைக்கழக வாசலையே மிதிக்காதவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். நம் நூலகமும் அந்த வழிதான். இரண்டாம் மாடி அலமாரிகளில் கொடையாளர் பெயர் ஒட்டியிருப்பதை ஒருமுறை நின்று படியுங்கள். பெரும் புள்ளிகளைவிடச் சாதாரணக் குடும்பங்கள்தான் அதிகம். அந்தக் குடும்பத்துப் பாட்டிகளைத்தான் புதன்கிழமை வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

பணத் தட்டுப்பாடு எனக்குப் புரியாமல் இல்லை. கடைவீட்டு வாடகை ஏறியிருக்கிறது, மின்கட்டணம் ஏறியிருக்கிறது. டியூஷன் மீதும் எனக்குக் கோபமில்லை. என் மகனும் போகிறான். ஆறாம் ஆண்டுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021இல் போனது, படிவம் மூன்றின் தேர்வான பிடி3 2022இல் போனது, படிவம் ஐந்தின் தேர்வான எஸ்பிஎம் இருக்கிறது, பெற்றோர் பயமும் இருக்கிறது. ஆனால் அந்த அறை திங்கள், செவ்வாய், வியாழன் மாலைகளிலும் ஞாயிறு முழுக்கவும் காலியாகத்தானே கிடக்கிறது? அந்த நேரங்களை வாடகைக்கு விடுவதைப் பற்றி ஏன் பேசவே இல்லை? விழாவுக்கு மண்டபம், சாப்பாடு, பொன்னாடை, பதாகை என்று போகிற பணம் எவ்வளவு என்று ஏன் யாருக்கும் தெரியவில்லை?

ஆகவே நாங்கள் கேட்பது இவைதான். நாங்கள் என்று எழுதுவதற்குக் காரணம், மூன்று நிகழ்ச்சிக்கும் வருகிறவர்களிடம் இந்த மடலைப் படித்துக் காட்டி, அவர்கள் சம்மதத்தோடுதான் அனுப்புகிறேன்.

அறிவிப்பைத் திரும்பப் பெற்று, உறுப்பினர் பொதுக்கூட்டம் முடிவெடுக்கும்வரை மூன்று நிகழ்ச்சிகளையும் தொடர விடுங்கள். கதை நேரத்தைப் பழையபடி சனிக்கிழமை மாலைக்கே கொண்டுவாருங்கள். டியூஷன் நிலையத்தோடு ஒப்பந்தம் ஏற்கெனவே போட்டிருந்தால் அதைக் காட்டுங்கள். போடவில்லை என்றால் காலியாக இருக்கும் நேரங்களுக்கு மட்டும் போடுங்கள்.

நிகழ்ச்சி நடத்துகிறவரே அன்றைக்கு வந்த தலைகளை எண்ணி எழுதி வைக்கட்டும், குழந்தையையும் சேர்த்து. அதோடு இரவல் கணக்கையும் வைத்து மூன்று மாதம் பாருங்கள். அதன்பிறகும் ஆள் இல்லை என்று தெரிந்தால் உட்கார்ந்து பேசலாம், நான் மறுக்க மாட்டேன்.

சென்ற ஆண்டு விழாவின் வரவு செலவை உறுப்பினர்கள் பார்க்கத் தாருங்கள். இந்த ஆண்டு விழா நடந்தால் அதற்கென ஒதுக்குவதில் பாதியாவது நூல் வாங்கப் போகட்டும். மலேசியத் தமிழ் நூல்கள், பாலர் படக்கதைகள், பெரியவர்களுக்குப் பதினாறு அல்லது பதினெட்டுப் புள்ளி அளவில் அச்சிட்ட பெரிய எழுத்து நூல்கள். விழாவுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புத்தகத்தோடு வீடு திரும்பட்டும்.

நிகழ்ச்சிகளை முடிவு செய்ய ஒரு துணைக்குழு அமையுங்கள். அதில் சிறு பிள்ளை வைத்திருக்கும் தாய் ஒருவர், புதன்கிழமைப் பெரியவர்களில் ஒருவர், வாசகர் வட்டத்திலிருந்து ஒருவர், பதினெட்டு வயது நிரம்பாத ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தப் படிவம் இரண்டு பையனைக் கேட்டுப் பாருங்கள், தயங்கினாலும் வருவான் என்று நினைக்கிறேன்.

புலனக் குழுவைத் திறந்துவிடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் எழுத்து மூலமான பதில் இந்த மாத இறுதிக்குள் வேண்டும். கூடவே பொதுக்கூட்டத்துக்கு நாள் குறித்து, சங்கச் சட்டவிதிப்படி உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே தெரிவியுங்கள். மாடி ஏற முடியாதவர்கள் பலர் இருப்பதால் அந்தக் கூட்டத்தைக் கீழ்த்தளத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
ஜாலான் ஈப்போ வட்டார உறுப்பினர் ஒருவர்
கோலாலம்பூர்